நொமுராவுக்கு ஒரு பதில்

முதலில் ஒரு மன்னிப்பு.

என் கையெழுத்து எவ்வளவு மோசம் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பத்திரிகையில், அச்சில் பார்க்கிறீர்கள். தெரிந்தவர் இதை அச்சுக் கோக்கிற செங்கல்பட்டு அச்சகத்துக் கம்பாசிட்டர் வரதன் ஒருவர்தான். நான் ஒற்றெழுத்துப் போடுவது தனியாகச் சமைக்கிறவன் உப்புப் போடுவதைப் போல... ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மூன்று வருடமாக என் பிழைகளை எல்லாம் திருத்தி, என்னை உங்கள் முன்னால் சட்டை போட்டு நிறுத்துகிறவர் அவர்.

போன வாரம் தாள்களை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இன்னா முனுசாமி இது? முன்னெல்லாம் கோழி கிளறினாப்புல இருக்கும். வர வர ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி ரூம்ல குடி வெக்கிறியே? லாட்ஜா நடத்துற?"

அச்சகமே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நேரில் கேட்டால் எனக்குப் பதில் வராது. அது உங்களுக்குத் தெரிந்ததுதானே? பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் மாப்பிள்ளை ஊமையோ என்று விசாரித்தார்கள் என்று இந்தப் பத்தியில் முன்பே எழுதியிருக்கிறேன்.

ஆனால் வரதன் அண்ணன் கேட்டது சரியான கேள்வி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம். அது கையில் ஏறிவிட்ட பழக்கம்.

எங்கிருந்து ஏறியது?

ஜப்பான் பாஷை எழுதிப் பழகியதால்.

மூன்று வருடமாக உங்களிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். பஞ்சரைப் பற்றி, பல்வலியைப் பற்றி, கடற்கரை நாய்களைப் பற்றி. இதை மட்டும் சொல்லவில்லை. ஒரு பதிலுக்காகக் காத்திருந்தேன். அது வந்ததும் ஜம்மென்று எழுதலாம் என்று நினைத்திருந்தேன்.

வரவில்லை. ஏன் வரவில்லை என்பது போன மாதம்தான் தெரிந்தது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்குப் போகிற ரோட்டில், எனக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை. பதினொரு சைக்கிள். பின்னால் ஒரு அறை. அதில் நான்.

1974 மார்கழியில் ஒரு வேன் நிறைய ஜப்பான்காரர்கள் வந்தார்கள். புத்தர் சம்பந்தப்பட்ட ஊர்களாகப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள். அதில் ஒருவருக்கு மட்டும் வயிறு கெட்டுவிட்டது. திரும்பி வரும்போது கூட்டிப்போகிறோம் என்று அவரை லாட்ஜில் விட்டுவிட்டு வேன் போய்விட்டது. ஒன்பது நாள்.

மூன்றாம் நாள் அவர் என் கடைக்கு வந்தார். என் வயதுதான். ஒல்லி. தலையில் வெள்ளைத் துணித் தொப்பி. சைக்கிள் கேட்கவில்லை. நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து டியூபை மெதுவாக வாங்கினார். குமிழி வருகிற இடத்தைக் கட்டைவிரலால் பிடித்து, துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதி ஊதிக் காயவைத்து... ஒட்டிவிட்டார்.

பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். என் கடையைக் காட்டினார். மறுபடி நெஞ்சைத் தொட்டார்.

புரிந்துவிட்டது. அவருக்கும் சைக்கிள் கடை!

பெயர் நொமுரா. என்னை 'முனு-சான்' என்பார். சான் என்றால் அவர்கள் ஊர் மரியாதையாம். என்னை மரியாதை போட்டுக் கூப்பிட்ட முதல் ஆள். மீதி ஏழு நாளும் காலையில் வருவார், பொழுது சாயும்போது போவார். பேச்சு கிடையாது. அவர் ஸ்போக் முறுக்குவார், நான் செயினுக்கு எண்ணெய் விடுவேன். பேசாமல் இருப்பதற்காக நான் வெட்கப்படாத ஏழு நாள்... என் ஆயுசிலேயே அவ்வளவுதான்.

ஒரு நாள் மழை. ஒரு சைக்கிளும் போகவில்லை. கடை போர்டில் இருக்கிற எழுத்தைக் காட்டி, என்ன என்பது போல் கையை விரித்தார். நான் சாக்பீஸை எடுத்துச் சிமெண்டுத் தரையில் அ, ஆ, இ, ஈ என்று எழுதிச் சொன்னேன். அவர் கண்ணை அகல விரித்தார். சாக்பீஸை வாங்கி, அதற்குக் கீழே தன் எழுத்தை எழுதினார். வாயால் சொன்னார்: அ, இ, உ, எ, ஒ.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வரி? க, கி, கு, கெ, கொ. அதற்கடுத்து ச. அப்புறம் த. அப்புறம் ந. அப்புறம் ம, ய, ர, வ.

என்ன அநியாயம் பாருங்கள்! ஒன்றாம் வகுப்பில் பிரம்படி வாங்கி நான் கற்ற அதே வரிசை. நடுவில் சிலது இல்லை, ப வர வேண்டிய இடத்தில் ஹ. நெடில் இல்லை, குறில் மட்டும். மொத்தம் நாற்பத்தாறு எழுத்து. நம் இருநூற்று நாற்பத்தேழை மேய்த்தவனுக்கு நாற்பத்தாறு ஒரு பொருட்டா?

வாடகை ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் அவரை எழுதச் சொன்னேன். ஒவ்வொன்றின் கீழும் நான் தமிழில் சத்தத்தை எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம்தான் என் முதல் பாடப் புத்தகம்.

பத்தாம் நாள் வேன் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். பிடித்தேன். விட்டேன். அவ்வளவுதான்.

சித்திரையில் ஒரு பார்சல் வந்தது.

கொண்டு வந்தவன் எங்கள் தபால்காரன் ஏகாம்பரம். கடை கடையாகக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தான்.

"அண்ணாத்த, ஜப்பான்ல உனுக்கு மாமியார் வூடு கீதா? சொல்லவே இல்ல?"

உள்ளே குழந்தைகள் படிக்கிற படப் புத்தகம் ஒன்று. எறும்பு, நாய், மாடு, பென்சில் என்று படம் போட்டுப் பக்கத்தில் பெரிய எழுத்து. அதோடு ஒரு கடிதம். அதுவும் குழந்தைக்கு எழுதுவது போலப் பெரிய பெரிய எழுத்தாக, இடம் விட்டு விட்டு. எனக்காக அப்படி எழுதியிருக்கிறார்.

"படி அண்ணாத்த, கேப்போம்."

"தெரியாது."

"தெரியாதா? கல்பாக்கத்துக்கு எடுத்துக்கினு போ. அணுவையே பொளக்குறானுங்க, இத்தப் படிக்க மாட்டானுங்களா?"

நியாயமாகத்தானே இருக்கிறது? ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு மிதித்தேன். கல்பாக்கத்தை ஒட்டின புதுப்பட்டினம் கடைத்தெருவில் தெரிந்த மளிகைக்காரர் ஒரு இன்ஜினீயரைக் காட்டினார். நல்ல மனிதர். கடிதத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார்.

"ஜெர்மன்னா தெரியும். இது தெரியாதுப்பா. நீயே கத்துக்கயேன்?"

சும்மா சொன்னாரோ, நிஜமாகச் சொன்னாரோ. பையிலிருந்து நான்கு கிராஃப் ஷீட் எடுத்துக் கொடுத்தார். கட்டம் கட்டமாக இருக்கிறதே, அந்தத் தாள். "இதுல எழுதிப் பழகு, எழுத்து ஒரே அளவா வரும்" என்றார்.

அந்தக் கட்டம்தான் வரதன் அண்ணா, நீங்கள் பார்த்த ரூம்.

ஜப்பான் எழுத்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று உங்களில் யாருக்காவது ஆசை இருந்தால் — இருக்காது, இருந்தாலும் — என் வழியைச் சொல்லிவிடுகிறேன். செலவு இல்லாத வழி.

காலையில் கடல் உள்வாங்கியதும் ஈர மணல் பலகை மாதிரி இருக்கும். ஒரு குச்சி போதும். ஆள் உயரத்துக்கு ஒரு எழுத்து எழுதுங்கள். பெரிதாக எழுதினால் தோள் கற்றுக்கொள்கிறது. தோள் கற்றதைக் கை மறக்காது. தப்பாக எழுதினாலும் கவலை இல்லை, அலை வந்து அழித்துவிடும். பிரம்பு எடுக்காத வாத்தியார்.

எழுத்தை எதோடாவது முடிச்சுப் போட்டு வையுங்கள். அச்சகத்தில் அந்த அச்சு கிடையாது என்பதால் வாயால் சொல்கிறேன். 'ஷி' தூண்டில் முள். 'ட்சு' உருண்டு வருகிற அலை. 'ஹெ' கூரை. 'கு' வளைந்துபோன ஸ்போக். 'நு'வும் 'மெ'யும் இரட்டைப் பிள்ளைகள். 'நு'வுக்கு மட்டும் வால் நுனியில் ஒரு சுருக்கு. அந்தச் சுருக்கில் மாட்டி நான் பத்து நாள் கிடந்தேன்.

படப் புத்தகத்தில் ஒவ்வொரு எழுத்தின் மேலும் பொடிப் பொடியாக ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் இருந்தது. பக்க நம்பர் போல ஏதோ என்று விட்டுவிட்டேன். கோலம் போடுகிறவர்கள் வீட்டில் பிறந்தவன் அல்லவா? எங்கே ஆரம்பித்தால் என்ன, முடிவில் உருவம் வந்தால் சரி என்று வரைந்துகொண்டிருந்தேன். எழுத்து வந்தது. ஆனால் செத்த மீன் மாதிரி கிடந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது... முதல் கோடு எது, இரண்டாவது கோடு எது என்பதற்கான நம்பர் அது. அந்த வரிசையில் எழுதினேன். எழுத்து தானாக ஓடியது.

சில எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி இருக்கும். ஈ அசிங்கம் செய்துவிட்டது என்று பிளேடால் சுரண்டினேன். அதுவும் எழுத்துதானாம். புத்தகத்தில் மூன்று இடத்தில் இன்னும் ஓட்டை இருக்கிறது.

பிறகு சீட்டு. படத்தில் பார்த்த வார்த்தைகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். கதவில் கதவு. தண்ணீர் வாளியில் தண்ணீர். சைக்கிள் என்ற வார்த்தையை நொமுரா வாயால் கேட்டே தெரியும். அதைப் பதினொரு சைக்கிளிலும் ஒட்டினேன். வாடகைக்கு வந்தவர்கள், "இன்னாத்துக்கு அண்ணாத்த வண்டிக்கெல்லாம் மந்திரிச்சுக் கட்டியிருக்க?" என்றார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதன் பிறகு யாரும் தொலைவாக ஓட்டிக்கொண்டு போகவில்லை!

ஆடி மாதக் கடைசியில் நொமுராவின் கடிதத்தைத் தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டேன். சத்தமாக. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை.

ஒரு வார்த்தை புரியவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் உங்களுக்கு எழுதியிருக்கிறார். அதை நீங்களே உங்கள் வாயால் வாசிக்கிறீர்கள். சத்தம் உங்கள் காதில் விழுகிறது. ஆனால் அவர் என்ன சொல்கிறார் என்று தெரியாது. தினம் ஒரு தடவை வாசித்தேன். அந்தச் சத்தத்தில் அவர் குரல் இருந்தது. அது போதும் என்று நினைத்த நாளும் உண்டு.

சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் இரண்டு அகராதி கிடைத்தது. ஒன்று ஜப்பானிலிருந்து இங்கிலீஷுக்கு. இன்னொன்று இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு. எனக்கு இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் தெரியும், வார்த்தைகள் தெரியாது. அதனால் என்ன? இந்தக் கரையில் படகு ஏறி, நடுவில் ஒரு தீவில் இறங்கி, வேறு படகு மாறி அந்தக் கரைக்குப் போவதில்லையா? தீவில் இருப்பவர்களோடு பேச வேண்டியதில்லை. அது எனக்கு வசதி.

ஒரு நாளுக்கு இரண்டு வார்த்தை. மூன்று வார்த்தை கிடைத்த நாள் தீபாவளி. ஜப்பானில் வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில்தான் வருகிறது. அதனால் வார்த்தைகளைப் புரட்டிப் போட வேண்டியதில்லை, கிடைத்த வரிசையிலேயே நின்றன.

கடிதம் இதுதான்:

'முனு-சான். சைக்கிள்கள் நலமா? என் வயிறு நலம். இங்கே பனி. பனி விழுந்தால் சைக்கிளுக்கு ஆள் வருவதில்லை. கடையில் நான் ஒருவன். மனைவி இல்லாமல் போய் மூன்று வருடம். உன் கடையில் ஏழு நாள் உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை. நன்றாக இருந்தது. எழுத்துப் புத்தகம் அனுப்புகிறேன். பதில் எழுது. காத்திருக்கிறேன்.'

மனைவி பற்றிய வரியில் அகராதி என்னை ஏமாற்றியது. காணாமல் போனாள் என்று காட்டியது. இரண்டு நாள் பாவம், எங்கே தேடுகிறாரோ என்று கவலைப்பட்டேன். மூன்றாம் நாள் ஸ்டாண்டில் சைக்கிளை ஏற்றும்போதுதான் உறைத்தது. தேடுகிற மாதிரி போகவில்லை அந்த அம்மா.

நான் அதைப் படித்து முடித்தபோது 1976 பொங்கல். அவர் எழுதி ஒரு வருடம் ஆகப்போகிறது. காத்திருக்கிறேன் என்று எழுதின மனிதர்!

பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று வாரம். கிராஃப் ஷீட் எல்லாம் தீர்ந்தது.

'நொமுரா-சான். நான் முனு. கடிதம் படித்தேன். ஒரு வருடம் ஆனது. மன்னியுங்கள். சைக்கிள்கள் நலம். இங்கே பனி இல்லை, மழை. நானும் கடையில் ஒருவன். எனக்கு மனைவி போகவில்லை, வரவே இல்லை. உங்களை மறக்கவில்லை. வாருங்கள்.'

இவ்வளவுதான். இதைவிட நீளமாக நான் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை, உங்களைத் தவிர.

நல்ல தாளில் நகல் எடுக்க வேண்டும். கடையில் இருந்தது கறுப்பு மை. செங்கல்பட்டில் என் தங்கை தனம் இருக்கிறாள். அவள் வீட்டில் வைத்து எழுதப் போனேன். கறுப்பு மையைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாண்ணா, கருமாதிக் கடுதாசியா எழுதுற? பொண்டாட்டி செத்துப் போன மனுசனுக்குப் போய்க் கறுப்புல எழுதுவியா? நல்லா செவப்பா எழுது. குங்குமம் மாதிரி."

அவள் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. கறுப்பு மை தொட்ட கடிதம் வந்தால் வாசலிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போடுகிற ஊர் நம்முடையது. எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சிவப்பு மை வாத்தியாருக்கு மட்டும்தான். நாங்கள் தொடக்கூடாது. எழுதத் தெரிந்தவர்களின் மை அது. நான் இப்போது எழுதத் தெரிந்தவன் இல்லையா?

பஜாரில் புதுப் பேனாவும் சிவப்பு மைப் புட்டியும் வாங்கினேன். எழுதினேன். ஒரு எழுத்து பிசகவில்லை. வரிசைப்படி கோடு, கட்டத்துக்குள் எழுத்து. தனம் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தாள். பெரிய தபாலாபீசில் ஏர்மெயில் ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டிக்குள் போட்டேன். தபால் பெட்டியே சிவப்புதானே? எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது.

பிறகு காத்திருந்தேன்.

முதல் இரண்டு மாதம் ஏகாம்பரம் தூரத்திலிருந்தே பெல் அடித்துக்கொண்டு வருவான். "மாமியார் வூட்டுல இருந்து ஒண்ணும் இல்ல அண்ணாத்த!" அப்புறம் பெல் நின்றது. "இல்ல" என்று மட்டும் சொல்வான். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினான். ஒரு வருடம் ஆனதும் என் கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தான். கேலி பேசுகிறவன் கேலியை நிறுத்திவிட்டால் அதைவிடத் தனிமை வேறு உண்டா?

என்ன தப்பு செய்தேன்? இரவல் வார்த்தை எதுவும் வசவாக இருந்துவிட்டதா? வாருங்கள் என்று கூப்பிட்டது அதிகப்படியா? ஒரு வேளை அவரே... அந்த யோசனையை மட்டும் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். மணலில் எழுதப் போவதையும் நிறுத்தினேன். சைக்கிளில் ஒட்டின சீட்டுகள் வெயிலில் உரிந்து விழுந்தன. திரும்ப ஒட்டவில்லை.

போன மாதம், பொங்கலுக்கு அடுத்த வாரம், மறுபடி ஒரு வேன் வந்தது. ஜப்பான்காரர்கள். அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா, எங்கள் ஊர் கைடு ஒருவனோடு என் கடை நிழலில் ஒதுங்கினார். கைடுக்கு ஜப்பான் பாஷை ஓரளவு வரும். ஒரு சைக்கிளில் உரியாமல் இருந்த ஒரே ஒரு சீட்டின் மேல் அந்த அம்மாவின் கண் போனது. சைக்கிள் என்று வாசித்தார். என்னைப் பார்த்தார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. உள்ளே போய் நொமுராவுக்கு எழுதின கடிதத்தின் இன்னொரு நகலை எடுத்து வந்தேன். ஞாபகத்துக்காக அன்றே, அதே பேனாவால் எழுதி வைத்துக்கொண்டது. இரண்டு கையாலும் நீட்டினேன்.

பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

தாளைப் பிரித்ததும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். கைடிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

"அண்ணாத்த, இத்த இதே கலர்லயா அனுப்பிச்ச?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "எப்டிச் சொல்றது... அவங்க ஊர்ல செவப்புல கடுதாசி எழுத மாட்டாங்களாம். எழுதினா, உனுக்கும் எனுக்கும் இத்தோட தீந்துச்சு, இனிமே என் மூஞ்சியில முழிக்காதன்னு அர்த்தமாம்."

பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. எனக்கு அது மட்டும்தான் கேட்டது.

உங்களை மறக்கவில்லை. வாருங்கள். இரண்டையும் சிவப்பில் எழுதியிருக்கிறேன்.

பனி விழுகிற ஊரில், ஆள் வராத கடையில், அவர் அந்தக் கவரைப் பிரித்திருப்பார். என்ன நினைத்திருப்பார்? ஒன்றாம் வகுப்புப் புத்தகம் அனுப்பி எழுதக் கற்றுக்கொடுத்தேன். ஒரு வருடம் பாடுபட்டுக் கற்று, என்னை வேண்டாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறானே என்றா? அதுவும் மூலைக்கு மூலை மஞ்சள் வைத்து? அப்படி ஒரு பகையாளி உலகத்தில் உண்டா?

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு பேனா எடுத்தார். மூடியைக் கழற்றி, தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். நீலம். மூடியை மாட்டி என் கையில் வைத்தார். கைடிடம் ஏதோ சொன்னார்.

"எழுத்து ரொம்ப நல்லா கீதாம். இப்போ உன் மூஞ்சி எப்டி கீதோ, அத்தயே எழுதி அனுப்பச் சொல்றாங்க."

அந்த வாரமே செங்கல்பட்டுக்குப் போய்த் தனத்திடம் சொன்னேன். கோபம் வந்தது அவளுக்கு, ஜப்பான் மேலே.

"இன்னா ஊர்ண்ணா அது? கல்யாணப் பத்திரிகையக் கூடக் கறுப்புலதான் அடிப்பானுங்களா?" என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. "நாந்தான சொன்னேன் செவப்புனு" என்றாள்.

நீ சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன் என்று அவளிடம் சொல்லவில்லை. வழக்கம்போல. இப்போது எழுதிவிட்டேன், படித்துக்கொள்வாள்.

எழுத்து, வார்த்தை, வரிசை, அகராதி எல்லாவற்றுக்கும் வழி தேடினேன். மையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மையில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தெரியாததைத்தான் தேடுவோம், தெரிந்தது என்று நினைத்ததை யார் தேடுவார்?

நீலப் பேனா வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. சட்டைப் பையிலேயே இருந்தது. எடுப்பேன், மூடியைக் கழற்றுவேன், மாட்டுவேன். முதல் கடிதம் எழுதும்போது எனக்கு ஜப்பான் தெரியாது என்பதுதான் பயம். இப்போது பயம் வேறு. அவர் மறந்திருந்தால்? மனதை ஆற்றி முடித்திருந்தால்? திரும்பப் போய்க் கிளறலாமா? இதிலும் பதில் வராவிட்டால், மை மேல் பழி போட முடியாதே!

இன்று ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். பதினொரு சைக்கிளும் வாடகைக்குப் போய்விட்டன. கடை காலி. காலியான கடையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அந்த நினைப்பு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

'நொமுரா-சான். எங்கள் ஊரில் சிவப்பு நல்ல நிறம். குங்குமத்தின் நிறம். உங்கள் ஊரில் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் தெரியாது. அந்தக் கடிதத்தை இந்த மையில் மறுபடி எழுதியிருக்கிறேன். படியுங்கள். காத்திருக்கிறேன்.'

கீழே பழைய கடிதத்தை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். முடிக்கும்போது வாசலில் நிழல். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஏகாம்பரம் லுங்கியில் இருந்தான். மேஜை மேல் இருந்த கவரையும் விலாசத்தையும் பார்த்தான். ரொம்ப நாள் கழித்து என் கண்ணைப் பார்த்தான்.

"மாமியார் வூட்டுக்கா அண்ணாத்த? குடு, காலைல மொத தபால்ல நானே போட்டுர்றேன்."

கவரை ஒட்டும்முன் தாளின் அடியில், அவர்கள் எழுத்தில் முனு என்று போட்டு, தேதியும் போட்டேன். இரண்டும் நீலம்.

12-2-1978.